என் காதுக்கு எந்த டிஸ்க்

எனக்கு வலது காது பழுது. "ஒரு காது கேளாதவளுக்கு ரெண்டு ஸ்பீக்கர் எதுக்கு?" என்று முதலில் கேட்டவர் என் சித்தி. ஞாயிறு ஆராதனை முடிந்து தேவாலய வாசலில் எல்லாரும் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது, என் வலது பக்கமாக நின்றால் எனக்குக் கேளாது என்ற நம்பிக்கையில் பக்கத்து அம்மாவிடம் சொன்னார். சித்திக்கு மெல்லக் கதைக்கத் தெரியாது. முழுவதும் கேட்டது.

"சித்தப்பாவுக்கும் ஒரு கண்தானே சித்தி தெரியுது," என்றேன். "ரீவியிலை பாதியை மறைச்சே விட்டிருக்கிறியள்?"

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் அவர் என்னோடு கதைக்கவில்லை. நானும் வலியப் போய்ச் சமாதானம் பேசவில்லை.

அந்த இரண்டு ஸ்பீக்கர்களும் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பும் கொழும்புக்குக் குடிபோன ஒரு குடும்பத்திடம் நான் வாங்கியவை. அப்போது நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுநராக வேலை செய்துகொண்டிருந்தேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு வட்டுக்கோட்டை வீட்டில் நான் தனி. மாலையில் பஸ்சால் இறங்கி வந்து, முகம் கழுவி, தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு முன்ஹோலில் கதிரையை இழுத்துப் போட்டால் அதன் பிறகு என் நேரம். ஓர்கன், கொயர், செல்லோ. எங்கள் வீட்டில் கிறிஸ்தவப் பாட்டுகளோடு சேர்ந்து வந்த பழக்கம் அது. அலுமாரியின் இரண்டு தட்டுகள் நிறையச் சாதாரண சீடிகள் சேர்ந்தன. சொந்தக்காரர் யாராவது வெளிநாட்டிலிருந்து வந்து "என்ன கொண்டு வர?" என்று கேட்டால், சொக்லேட் வேண்டாம், சீடி கொண்டு வாருங்கோ என்பேன். ஒரு பெண் தனியே இருந்து இவ்வளவு சத்தமாகப் பாட்டுக் கேட்பது சரியில்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதற்கு நான் ஜன்னலை மூடவில்லை.

ஆம்ப்பில் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. இடப்பக்க ஸ்பீக்கருக்கும் வலப்பக்க ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பங்கிடுவது அது. என்னுடைய குமிழ் நன்றாக வலதுபக்கம் திரும்பியே இருக்கும். வலது ஸ்பீக்கரையும் ஒரு முழம் முன்னுக்கு இழுத்து வைத்திருக்கிறேன். அப்படி வைத்தால்தான் பாடுகிறவர்கள் எனக்கு நடுவில் நிற்பார்கள். இல்லாவிட்டால் முழுக் கொயரும் இடதுபக்கச் சுவரில் சாய்ந்து நின்று பாடுவது போல இருக்கும். இந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பல கிழமைகள் எடுத்தன. யாரும் சொல்லித் தரவில்லை.

நான் ஓய்வுபெற்ற பிறகு வந்த முதல் டிசம்பரில் அண்ணை லண்டனிலிருந்து தன் மனைவியோடு, என் மச்சாளோடு, வந்தார். அண்ணை என்னைவிட ஆறு வயது மூத்தவர். இளம் வயதிலேயே வெளிக்கிட்டுப் போனவர். அவருக்கும் இசைப் பைத்தியம். அவருடைய பைத்தியம் சாமான்களில். என்ன வயர், என்ன மெஷின், எந்த நாட்டு ஸ்பீக்கர் என்று அவரும் அவருடைய கூட்டாளிகள் சிலரும் சனிக்கிழமைகளில் கூடிக் கதைப்பார்கள். இந்தமுறை சூட்கேசைத் திறந்து, துவாய்களுக்கு நடுவிலிருந்து ஒரு பிளேயரை வெளியே எடுத்தார். அதோடு இருபதுக்குக் குறையாத டிஸ்குகள்.

"பிள்ளை, இனி உந்தச் சீடி எல்லாத்தையும் கட்டி வை," என்றார். "இது உயர்தர டிஸ்க். இதுக்கு முன்னாலை உது வெறும் தகரம்."

சொல்லிக்கொண்டே ஆம்ப்புக்குப் பக்கத்தில் போனார். குமிழைப் பார்த்தார்.

"உதை ஆர் திருப்பினது?" என்று கேட்டு, என் பதிலுக்கு நிற்காமல் நடுவுக்குக் கொண்டு வந்தார்.

நான் எழும்பிப் போய் மறுபடியும் வலதுபக்கம் திருப்பினேன். "அது அங்கைதான் நிக்கும்," என்றேன். மச்சாள் என்னைப் பார்த்தார். அண்ணை தோளைக் குலுக்கிவிட்டு வயர்களைப் பூட்டத் தொடங்கினார்.

அன்று பின்னேரம் அவர் எனக்குப் பாடம் எடுத்தார். ஒரு கடதாசியில் வளைந்த கோடு ஒன்று கீறி, அதன் மேல் படிக்கட்டுப் போல இன்னொரு கோடு கீறினார். உண்மையான இசை வளைவு, சீடியில் இருப்பது படிக்கட்டு, நடுவில் உள்ளதெல்லாம் வெட்டி எறியப்பட்டுவிட்டது என்றார். பிறகு வாசித்துப் பார்த்தபோதுதான் அந்தப் படிக்கட்டுக் கதை பிழை என்று எனக்குத் தெரிந்தது. பிளேயரிலிருந்து வெளியே வரும்போது சீடியின் சத்தமும் வழுவழுப்பான அலையாகத்தான் வருகிறது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"எனக்கொரு படியும் இடறேல்லை அண்ணை."

"உனக்கு விளங்கேல்லை. மனிசக் காதுக்குக் கேளாத உயரத்துச் சத்தமும் இதுக்குள்ளை இருக்கு."

"கேளாத சத்தத்தை நான் என்ன செய்யிறது?"

"கேளாது. ஆனா உணரலாம்."

மச்சாள் சமையலறைப் பக்கமிருந்து சிரித்தது எனக்கு இடது காதால் கேட்டது.

டிஸ்க் உறை ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தை வாசித்தேன். அதில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு படைகள் இருப்பதாக எழுதியிருந்தது. ஒன்றில் உயர்தரப் பதிவு. மற்றதில் சாதாரண சீடிப் பதிவு, எந்தச் சீடி பிளேயரிலும் பாடுவது. றிமோட்டில் ஒரு பொத்தானை அமர்த்தினால் பிளேயர் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும்.

"அப்ப ஏன் வாய்ச்சண்டை?" என்றேன். "ரெண்டும் ஒரே டிஸ்கிலை இருக்குதே. கண்ணைக் கட்டிப்போட்டுக் கேப்பம். மச்சாள் மாத்தி மாத்திப் போடட்டும்."

அண்ணை கெக்கட்டம் விட்டுச் சிரித்தார். "அஞ்சு நிமிஷத்திலை முடிஞ்சிடும்," என்றார்.

அஞ்சு நிமிடத்தில் முடியவில்லை. முதலில் மழை. மாரிகாலத்தில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள வயல்களில் தண்ணீர் நிற்கும். தவளைகள் ஓய்வெடுக்காது. மழை விட்டதும் பாண் விற்கிற வண்டி தன் பாட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் வந்தது. அது போனதும் சிவன் கோயில் லவுட் ஸ்பீக்கர். திருவெம்பாவைக் காலம். அண்ணை ஜன்னல்களைப் பூட்டச் சொன்னார். பூட்டிய பிறகு ஃபான் இரைகிறது என்று அதையும் நிறுத்தச் சொன்னார். மூன்று பேரும் வியர்த்துக்கொண்டு இருந்தோம். லண்டனில் தன்னுடைய அறைக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டிருப்பதாகச் சொன்னார். "இஞ்சை வந்து நிண்டுதானே கேக்கிறம்," என்றேன்.

மச்சாள் பிளேயரின் முன்பக்கத்தில், எந்தப் படை ஓடுகிறது என்று காட்டும் இடத்தை, துவாயால் மூடினார். படை மாறும்போது பிளேயர் சில வினாடிகள் தேடும். அதனால் மாற்றாமல் விடும்போதும் டிஸ்கை நிறுத்தி அதே அளவு நேரம் சுணங்கித்தான் தொடங்க வேண்டும் என்று நான் சொன்னேன். மச்சாளுக்கு இது பிடித்துக்கொண்டது. இரண்டு கோப்பைகள் எடுத்து வந்தார். சரியாகச் சொன்னால் ஒன்றில் ஒரு புளியங்கொட்டை, பிழையானால் மற்றதில்.

"இவ்வளவு காலமா இவர் சொல்லுறதை நம்பிக்கொண்டிருக்கிறன்," என்றார் என்னிடம். "ஒருக்காலும் ஒருதரும் உப்பிடிச் சோதிச்சுப் பாக்கேல்லை."

ஓர்கன் டிஸ்க் ஒன்றைப் போட்டார். அண்ணை கண்ணைக் கட்டிக்கொண்டு நடுக் கதிரையில் இருந்தார். ஒவ்வொரு தரமும் சரியாகச் சொன்னார். புளியங்கொட்டை எல்லாம் ஒரே கோப்பைக்குள் விழுந்தது. கட்டை அவிழ்த்துவிட்டுக் கையைத் தட்டினார்.

"இப்ப என்ன சொல்லுறாய்?"

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நானும் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அது இசையில் இருந்த வித்தியாசமாகப் படவில்லை.

"அண்ணை, ஒண்டு மற்றதைவிடச் சத்தம் குறைவு. அதை வைச்சுத்தான் நீங்கள் கண்டுபிடிக்கிறியள். தெரிஞ்சு செய்யிறியள் எண்டு சொல்லேல்லை. ஆனா அதுதான். ரெண்டையும் ஒரே சத்தத்திலை வைச்சுப் பாப்பம்."

"உது தோக்கிற ஆக்கள் சொல்லுற கதை."

"சத்தத்தைச் சமன் பண்ணிப்போட்டுச் சொல்லுங்கோ."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வியர்வை ஒரு பக்கம், மச்சாளின் முகத்தில் இருந்த சிரிப்பு ஒரு பக்கம். சட்டென்று சொன்னார்: "உந்தக் காதை வைச்சுக்கொண்டு நீ என்னத்தைக் கதைக்கிறாய்?"

வீட்டில் அந்தக் காதைப் பற்றி யாரும் நேரே கதைப்பதில்லை. சித்திகூட முதுகுக்குப் பின்னால்தான் கதைத்தார். மச்சாள் "இஞ்சேருங்கோ!" என்று சத்தம் போட்டார். எனக்குக் கண்ணீர் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"ஓம், உந்தக் காதுதான்," என்றேன். "உந்தக் காதோடைதான் இவ்வளவு காலமும் இந்தக் கதிரையிலை இருந்து கேட்டனான். எனக்குக் கேக்கத் தெரியுமோ எண்டு நான் ஒருதரிட்டையும் விசாரிக்கேல்லை. உங்களிட்டையும் விசாரிக்க மாட்டன்."

அவர் எழும்பி விறாந்தைக்குப் போய்விட்டார். நான் ஃபானைப் போட்டேன். ஜன்னல்களைத் திறந்தேன். அலுமாரியிலிருந்து என்னுடைய பழைய செல்லோ சீடி ஒன்றை எடுத்துப் போட்டு, முடியும்வரை இருந்து கேட்டேன். தவளைகளின் சத்தமும் கேட்டது. எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

அடுத்தநாள் காலை நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது அண்ணை வந்து துலாக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. என் வாளிக்குள் தண்ணீர் அள்ளி ஊற்றிவிட்டுக் கேட்டார்.

"எப்பிடிப் போனது அந்தக் காது?"

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "உங்களுக்குத் தெரியாதே?"

"கொஞ்சம் மந்தம் எண்டு அம்மா ஒருக்கா எழுதினவ. காய்ச்சல் வந்து அப்பிடி ஆனதாக்கும் எண்டு நினைச்சன்."

அம்மா அவருக்கு உண்மையை எழுதவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் அங்கே தனிய, யோசிப்பான், படிப்புக் குழம்பும் என்று அம்மா என்னையும் எழுத விடவில்லை. பிறகு அவருக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன். தெரிந்துகொண்டும் கேட்காமல் இருக்கிறார் என்று உள்ளுக்குள் ஒரு கசப்பும் வைத்திருந்தேன்.

சொன்னேன். சண்டைக் காலத்தில் ஒருநாள் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். வலதுபக்க மதிலுக்கு அங்கால் ஷெல் விழுந்தது. மதில் என்னைக் காப்பாற்றியது. காதைக் காப்பாற்றவில்லை. காதுக்குள்ளிருந்து இரத்தம் கழுத்தால் வடிந்ததைக்கூட வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டேன். கன காலத்துக்குப் பிறகு, சண்டையால் மூடியிருந்த பாதை திறந்து, ஆஸ்பத்திரியில் காதுச் சோதனை செய்தபோது டொக்ரர் கோடு கீறிய படம் ஒன்றைக் காட்டினார். வலது காதின் கோடு ஓரிடத்தில் கிணற்றுக்குள் விழுவது போல விழுந்தது.

"இப்பவும் நோகுதோ?"

"நோகாது. இரையும். வண்டு போலை. இரவு பகல் எண்டில்லை, எந்நேரமும். பாட்டுப் போட்டாத்தான் அடங்கும்."

அண்ணை கீழே பார்த்தார்.

"உங்கடை டிஸ்கிலை சத்தத்துக்கு நடுவிலை இருக்கிற அமைதி நல்லாயிருக்கும் எண்டு நேற்று சொன்னனீங்கள்," என்றேன். "அந்த அமைதி எனக்கு எந்த டிஸ்கிலையும் இல்லை அண்ணை. அதுக்காக நான் குறையக் கேக்கிறன் எண்டில்லை. உங்களைவிடக் கவனமாக் கேக்கிறன்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, "சரி, உந்தச் சோதினையை விடுவம். நீ சொல்லுறது சரியா இருக்கும்," என்றார்.

அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"இரக்கப்பட்டு விட்டுத் தரவேண்டாம்," என்றேன். உடுப்பை வாளிக்குள் போட்டேன். "வாங்கோ. இண்டைக்குச் சமன் பண்ணிப்போட்டுக் கேப்பம்."

மச்சாளின் போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றை இறக்கினோம். கதிரையில் என் தலை இருக்கும் உயரத்துக்குத் தலையணைகளை அடுக்கி, போனை அதன் மேல் வைத்தோம். ஓர்கன் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் ஓர் இடத்தைத் தெரிந்தெடுத்து, இரண்டு படைகளிலும் அதே இடத்தைப் போட்டு, போன் ஒரே அளவைக் காட்டும்வரை ஆம்ப்பின் சத்தத்தைத் திருத்தினோம். இரண்டு அளவுக்கும் சத்தக் குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்று மச்சாள் பொட்டு ஒட்டி அடையாளம் வைத்தார். உயர்தரப் படை சத்தம் குறைவுதான். போன் அதைக் காட்டியபோது அண்ணை குனிந்து இன்னொரு தரம் பார்த்தார்.

முதலில் அண்ணை இருந்தார். பங்கிடும் குமிழை அவருக்காக நடுவில் வைத்தேன். அவருக்கு இரண்டு காதும் இருக்கின்றன, அவருக்குரியதை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். இந்தமுறை அவர் உடனே சொல்லவில்லை. "ஒருக்கா திரும்பப் போடும்," என்றார் மச்சாளிடம். பிறகும், "ஒருக்காத் திரும்ப." நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். புளியங்கொட்டைகள் இங்கே ஒன்று அங்கே ஒன்றாக விழும் சத்தம் கேட்டது. முடிவில் இரண்டு கோப்பைகளிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

பிறகு நான் இருந்தேன். குமிழை வலதுபக்கம் திருப்பிவிட்டுக் கண்ணைக் கட்டினேன். என் கோப்பைகளும் அப்படியே. எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல நான் வெட்கப்படவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்லாமல் இருப்பதற்குத்தானே இவ்வளவு பாடு.

கடைசியாக மச்சாளும் கண்ணைக் கட்டிக்கொண்டு இருந்தார். அவர் எல்லாவற்றுக்கும் "சீடி" என்றே சொன்னார். பாதி சரி வந்தது. "நானும் உங்கள் ரெண்டு பேர் அளவுக்குக் கெட்டிக்காரிதான்," என்றார்.

அண்ணை இரண்டு கோப்பைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "உந்த ஹோல் சரியில்லை," என்றார். "தவளையும் கத்துது."

"லண்டனிலை போய்ச் செய்து பாருங்கோ," என்றேன்.

புதுவருட ஆராதனை முடிந்து அவர்கள் புறப்பட்டார்கள். பிளேயரையும் டிஸ்குகளையும் விட்டுவிட்டுப் போனார்கள். நல்ல பிளேயர். என்னுடைய சீடிகளும் அதில் நன்றாகவே பாடின. அதைத் திருப்பிக் கொடுக்க நான் நினைக்கவில்லை.

தை மாதம் முழுவதும் நான் தனியே இருந்து அந்த டிஸ்குகளைக் கேட்டேன். அண்ணையை வென்றுவிட்டேன் என்று பேசாமல் இருந்திருக்கலாம். மனம் விடவில்லை. அவற்றில் ஒரு கொயர் பதிவு என் அலுமாரியிலும் பழைய சீடியாக இருந்தது. அதே பாடகர்கள், அதே தேவாலயம், அதே நாள் பதிவு செய்தது. இரண்டையும் சத்தம் சமன் பண்ணிப் போட்டுக் கேட்டேன். சந்தேகமே இல்லை. புது டிஸ்க் நல்லது. பழைய சீடியில் பாட்டு மெல்லத் தொடங்குகிற இடமும் உச்சத்துக்குப் போகிற இடமும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நின்றன. யாரோ எல்லாவற்றையும் மேலே தூக்கி நெரித்து வைத்திருந்தார்கள். புது டிஸ்கில் பெண் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைவதும், எல்லாரும் சேர்ந்து மேலே போவதும் தெளிவாகத் தெரிந்தன. என் ஒரு காதுக்கும் மற்றதின் மிச்சத்துக்கும் அது நன்றாகவே தெரிந்தது.

அப்படியானால் அண்ணை சொன்னது சரிதானா? எனக்கு அது கஷ்டமாக இருந்தது, ஆனால் கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. பிறகு இன்னொன்று செய்தேன். அதே புது டிஸ்கின் சீடிப் படையைப் போட்டேன். அதுவும் அதே அளவு நன்றாக இருந்தது. பக்கத்து வளவு அக்காவைக் கூப்பிட்டு றிமோட்டைக் கொடுத்து, சத்தக் குமிழின் பொட்டுகளையும் காட்டி, மாற்றிப் போடச் சொன்னேன். அவருக்குத் தேவாரம் தவிர வேறொன்றும் பழக்கமில்லை. "ரெண்டும் ஒண்டுதானே தங்கச்சி, ஏன் என்னை உப்பிடி அமர்த்த வைக்கிறாய்?" என்று கேட்டார். எனக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆக, நல்லதாக்கியது டிஸ்கின் வகையல்ல. அந்தப் பாட்டை இரண்டாம் தரம் டிஸ்குக்குத் தயார் செய்த ஆள், அவர் யாரோ, கவனமாகச் செய்திருக்கிறார். அந்தக் கவனம் சாதாரண சீடிக்குள்ளும் அப்படியே அடங்கியது.

அண்ணைக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் கொண்டு வந்த டிஸ்க் நல்லதுதானே?" என்றார்.

"டிஸ்க் நல்லது. நீங்கள் சொன்ன காரணம்தான் பிழை."

அண்ணை சிரித்தார். தானும் லண்டனில் தன் அறையில் செய்து பார்த்ததாகச் சொன்னார். தவளை இல்லை, பாண் வண்டி இல்லை, இரட்டைக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. அப்படியும் கோப்பைகள் இரண்டும் ஒரே அளவுதான். அதைக் கூட்டாளிகளிடம் சொல்லப்போய் அவர்களுடைய கோபத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"உவை என்னை நம்பீனமில்லை. நீ ஒருக்காக் கதைக்கிறியோ?"

சனிக்கிழமை பின்னேரம், லண்டனில் மத்தியானம், வீடியோவில் கூப்பிட்டார். ஒரு பெரிய சோபாவில் நாலைந்து பேர் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். எல்லாரும் என் வயது, இல்லாவிட்டால் என்னைவிட மூத்தவர்கள். பின்னால் ஆள் உயர ஸ்பீக்கர்கள். ஒருவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்: "அக்கா, நீங்கள் என்ன செட் வைச்சிருக்கிறியள்?"

சொன்னேன். பழைய ஆம்ப், கொழும்புக்குப் போன ஆக்களின் ஸ்பீக்கர். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார்.

"அக்கா, உங்கடை செட்டிலை அந்த வித்தியாசம் தெரியாது. அதுக்குப் பழகின காதும் வேணும்."

"தம்பி, நான் செய்து பாத்திட்டுச் சொல்லுறன். நீங்கள் செய்யாமல் சொல்லுறியள். உங்கடை செட்டிலை, உங்கடை பழகின காதாலை, கண்ணைக் கட்டிப்போட்டுச் சத்தத்தைச் சமன் பண்ணிக் கேளுங்கோ. வித்தியாசம் கேட்டா எனக்குச் சொல்லுங்கோ, நான் ஒத்துக்கொள்ளுறன். அதுவரைக்கும் என்ரை காதைப் பற்றி நீங்கள் கதைக்க வேண்டாம்."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சோபாவின் ஓரத்தில் இருந்த அண்ணை வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். தோள் குலுங்கியது. எனக்கு அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை நிறுத்தினேன்.